டீ அவளுடையது, சுருட்டு என்னுடையது

திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்கியதும் சியூ லான் கேட்ட முதல் கேள்வி, ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்பது. திண்டு என்றால் சாய்ந்துகொள்ளும் தலையணை, கல் என்றால் கல் என்றேன். ஒரு மரமும் இல்லாமல் காலை வெயிலில் மொட்டையாகக் கிடந்த அந்தப் பெரிய பாறையை அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இதில் தலை வைத்துத் தூங்கியவர் யார்?"

"என் அப்பா. இரண்டு வருஷமாக," என்றேன்.

சியூ லான் என் மனைவி. பினாங்குச் சீனப் பெண். நானும் பினாங்கில் பிறந்தவன்தான்; ஏழு வயதில் ஒரே ஒரு முறை இந்த ஊருக்கு வந்து, அம்மை போட்டுப் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பியதுதான் எனக்குத் தெரிந்த இந்தியா. நாங்கள் இருவரும் அங்கே ஒரே பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம். என் தமிழ் அவளுக்கு வராது, அவளுடைய ஹொக்கியன் சீனம் எனக்கு வராது. எங்கள் காதல், சண்டை, மளிகைச் சாமான் பட்டியல் எல்லாமே ஆங்கிலத்தில்தான். மூன்றாம் மனிதர் வீட்டில் குடியிருப்பது போல இருக்கிறதே என்று ஒருநாள் அவள் வருத்தப்பட்டாள். அதற்காக ஆரம்பித்ததுதான் அந்த நோட்டுப் புத்தகம்.

ஆங்கிலேயர்கள் எங்கள் இருவர் வீட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு போன சொற்களை அதில் எழுதி வந்தோம். அவள் பக்கத்தில் முதல் சொல் டீ. ஹொக்கியன்காரர்கள் 'தே' என்கிறார்கள். அதைத்தான் வெள்ளைக்காரன் கோப்பையில் ஊற்றிக்கொண்டான். இரண்டாவது, கெட்ச்சப். அதுவும் அவர்கள் ஊர் மீன் சாறாம். என் பக்கத்தில் கறி, கட்டுமரம், மிளகுத் தண்ணி, சுருட்டு. மூங்கிலைச் சொல்லும் பாம்பூ, சேகண்டியைச் சொல்லும் காங் இரண்டும் மலாய்க்காரர்களுக்குப் போயின. இப்படி எழுதிப் பார்த்தபோது, நாங்கள் குடியிருந்த வீட்டில் பாதிச் செங்கல் எங்களுடையது என்று தெரிந்து கொஞ்சம் நிம்மதியானோம்.

அப்பாவுக்கு இந்த நிம்மதி இல்லை. எங்கள் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் திண்டுக்கல்லுக்குக் கப்பலேறிவிட்டார். அந்த மூன்று மாதமும் சியூ லானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா முன்பே இறந்துபோயிருந்தாள், தடுக்க ஆளில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'நான் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்' என்று ஒரே பதில்தான் வரும். சீன மருமகள் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இப்போது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து, குடியேற்ற விதிகளெல்லாம் இறுகிவிட்டன. அப்பா கையிலிருந்த அனுமதிச் சீட்டின் கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் திரும்பாவிட்டால் பிறகு பார்வையாளராகத்தான் வர முடியும். நான் தனியாகப் போய் அழைத்து வருகிறேன் என்றேன். சியூ லான் சம்மதிக்கவில்லை. "கடிதத்தில் என் பெயரை எழுதாதவர், நேரில் என் முகத்தைப் பார்க்கட்டும்," என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

தந்தி கொடுத்திருந்தோம். ஆனாலும் ஸ்டேஷனுக்கு அப்பா வரவில்லை.

நாகல் நகருக்கு ஜட்கா பிடித்தோம். பினாங்கில் மூன்று சக்கர ரிக்‌ஷாவில் கால்மேல் கால் போட்டுப் போய்ப் பழகியவள் சியூ லான். இங்கேயும் அப்படியே பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். எங்கள் பெரிய பெட்டியும் பின்னால்தான் இருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டும் மேட்டில் வண்டி பின்பக்கம் சரிய, குதிரையின் முன்கால்கள் தரையை விட்டு மேலே வந்தன.

"அம்மா, முன்னால நகந்து வாங்கம்மா! குதிரைய ஆகாசத்துக்கு அனுப்பிராதீக!" என்று வண்டிக்காரர் கத்தினார். சொன்னது புரியாவிட்டாலும் சியூ லான் பாய்ந்து வந்து அவர் முதுகில் மோதி நின்றாள். குதிரை தரைக்கு வந்தது. கேட்டில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்ததைப் பார்த்து வண்டிக்காரருக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. வழி நெடுக அவளிடமே தமிழில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். அவளும் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

அப்பாவின் தங்கை மூக்கம்மாள் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். தோல் கிடங்கில் வேலை பார்க்கும் மகனோடு அவர் அந்த வீட்டில் இருக்கிறார்.

"வாப்பு, வா. வா ஆத்தா, உள்ள வா. கடல் தாண்டி வந்த புள்ள, வாசல்லயே நிக்கிற?"

"அப்பா எங்கே அத்தை?"

"பழனிக்குப் போயிருக்காரு. ஒன் தந்தி வந்துச்சுல்ல, அதுக்கு மறுநாளே கெளம்பிட்டாரு. வேண்டுதல்ண்டாரு. என்ன வேண்டுதல்ண்டு கேட்டா எரிஞ்சு விழுறாரு."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சியூ லான் கைப்பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள், பிறகு எழுத ஒன்றுமில்லாதவள்போல உள்ளே வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அத்தைக்கு ஒரே கவலை. சீனத்துப் பெண் என்ன சாப்பிடுவாள் என்று தெரியவில்லை. "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்? கொடலு வாங்கி வச்சிருக்கேன், இந்தப் புள்ள மொகஞ்சுளிக்குமோ?" என்று என் காதில் கேட்டார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சியூ லான் சமைக்கிற குடலைப் பற்றி அத்தைக்குத் தெரியாது. இட்லியைக் குடல் குழம்பில் முக்கி அவள் மூன்றாவது முறை குழம்பு கேட்டபோது அத்தை இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். அந்த நேரத்திலிருந்து சியூ லான் என்ற பெயர் அந்த வீட்டில் சீலாயி ஆகிவிட்டது. "சீலாயி, இன்னொரு இட்லி வச்சுக்க," என்று அத்தை சொல்ல, அவள் தட்டை நீட்டினாள்.

மறுநாளும் அப்பா வரவில்லை. ஊரைச் சுற்றப் போனோம். பூட்டுக் கடைத் தெருவில் சியூ லான் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து மூடிப் பார்த்து, உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கினாள். எங்கள் வீட்டுக் கதவைவிட அந்தப் பூட்டு கனம். மதியம் ஒரு பிரியாணிக் கடை. எங்கள் ஊரில் இந்திய முஸ்லிம் கடைகளில் சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தருவார்கள். இங்கே குழம்புக்கு வேலையே இல்லை. பொடி அரிசிச் சோற்றுக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்து மேசையில் ஒருவர் தன் நண்பரிடம், "அந்தம்மா ஜப்பானு போலருக்கு," என்றார். "ஜப்பான்காரி இப்படிக் கறிய எலும்போட கடிக்க மாட்டா. பர்மாவா இருக்கும்," என்றார் நண்பர். மொழிபெயர்த்துச் சொன்னேன். சியூ லான் அவர்களைப் பார்த்து எலும்பை உயர்த்திக் காட்டி வணக்கம் சொன்னாள்.

புகையிலை வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்து ஒரு சுருட்டுக் கடை முன்னால் நின்றோம். கண்ணாடி ஜாடிகளில் தடிமன் வாரியாகச் சுருட்டுகள். அவள் ஒன்றைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று ஜாடையில் கேட்டாள்.

"சுருட்டு," என்றார் கடைக்காரர்.

"செரூட்!" என்று அவள் ஆங்கிலத்தில் கத்தினாள். நோட்டில் எழுதிய சொல்லை அது பிறந்த கடையிலேயே கேட்டுவிட்ட மகிழ்ச்சி.

நான் விளக்கினேன். கடைக்காரருக்கு ஆச்சரியமே இல்லை. "வெள்ளக்காரனுக்கு நாக்கு சுருளல தம்பி, அம்புட்டுத்தான்," என்றார். பிறகு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பினாங்குக் கருப்பையாண்ணன் மகனா? அப்ப இதுதான் அந்தச் சீனத்து மருமகளா?"

ஆமாம் என்றேன்.

"நம்ம பொகையிலைக் கிடங்குலதான அண்ணன் எடை பாக்குறாரு! மருமக இங்கிலீசு டீச்சரு, வெள்ளக்காரப் புள்ளைகளுக்கே இங்கிலீசு சொல்லிக் குடுக்குதுண்டு எங்க கிட்ட சொல்லிச் சொல்லி மாளல. நல்லாருங்க தாயி." காசு வாங்காமல் ஒரு சுருட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

தெருவில் நின்று இதை அவளுக்குச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். மாறாக என்னை உற்றுப் பார்த்தாள். "அப்படியானால் அவருக்கு என்மேல் கோபம் இல்லை. யார்மேல்?" என்றாள்.

அன்று மாலை முழுவதும் அந்தக் கேள்வி என் கூடவே நடந்தது.

மூன்றாம் நாள் பழனிக்கே போய்ப் பிடித்துவிடுவது என்று பஸ் ஏறினோம். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் கத்தரிக்காய் மூட்டைகள், பின்னால் காவடி, நடுவில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாங்கள். ஒட்டன்சத்திரம் நெருங்கும் நேரத்தில் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பி பஸ் நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அதிலிருந்தே நிலைமை புரிந்தது. பினாங்கில் இப்படி நடந்தால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் எங்கே பஜ்ஜி கிடைக்கும் என்று பார்த்தார்கள்.

சாலையோரம் ஒரே ஒரு கீற்றுக் கொட்டகைக் கடை. தேத்தண்ணியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கினோம். பஜ்ஜியைக் கடித்த சியூ லானுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் சிவந்து, மூக்கு ஒழுகி, வாயைத் திறந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பஸ்ஸில் வந்த விவசாயி ஒருவர், தலையில் உருமாலை கட்டியவர், பதறிப்போனார். "ஏனுங்க, அம்மிணிக்குக் காரம் ஆகாதுங்களா? தண்ணி குடுங்க, சீக்கிரம் குடுங்க," என்று செம்பை நீட்டினார். அவள் அதை வாங்கி வாயருகே கொண்டுபோன நேரத்தில் பழனியிலிருந்து வந்த பஸ் ஒன்று எதிரே நின்றது. நின்ற பஸ்ஸைப் பார்த்து விசாரிக்கத்தான் நிறுத்தினார்கள். அதன் படியிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் இறங்கி எங்களை நோக்கி ஓடிவந்தார்.

"ஜாங்கான்!" என்று கத்தினார் அவர். மலாய் மொழியில் 'வேண்டாம்' என்று அர்த்தம். "தண்ணீர் குடிக்காதே! இன்னும் எரியும்! சீனி, சீனி தின்னு!"

அத்தனையும் மலாய். ஒட்டன்சத்திரம் சாலையில், பினாங்குத் துறைமுகத்து மலாய். கடைக்காரரின் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி சர்க்கரையை அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினார். அவள் நக்கித் தின்றாள். கண்ணீர் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மொட்டையையும் சந்தனத்தையும் தாண்டி அவரை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா," என்றாள், மலாயில்.

"எரிச்சல் நின்றதா?" என்று கேட்டார் அவர், மலாயிலேயே.

"கொஞ்சம்."

"இன்னும் கொஞ்சம் தின்னு."

எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவர்கள் பேசிக்கொள்ளாத காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பேருக்குமே சந்தை மலாய் சரளமாக வரும். ஆனால் மாமனாரிடம் மீன்காரனோடு பேசுகிற மொழியில் பேசினால் மரியாதைக் குறைவு என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆங்கிலம் படித்த மருமகளிடம் மூட்டை தூக்குகிற இடத்துப் பேச்சில் பேசினால் கேவலமாக நினைப்பாள் என்று இவர் நினைத்திருக்கிறார். ஒரு மிளகாய் இதை இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, நானும் அப்பாவும் சாலையோரம் நின்றோம். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நேராகவே கேட்டேன்.

"அவள்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை. பிறகு ஏன்ப்பா போனீர்கள்?"

அவர் தலையைத் தடவினார். விரலில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

"கல்யாணத்தன்னைக்கு டீ குடுத்தீகள்ல, பெரியவுகளுக்கெல்லாம்?"

சீன வழக்கம் அது. மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும்.

"அந்தப் புள்ளையோட சித்தப்பன் பக்கத்துல ஒரு வெள்ளக்காரன் உக்காந்திருந்தான். அவங்கிட்ட ஒன்னக் காமிச்சு சித்தப்பன் என்னமோ சொன்னான். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா அதுல ஒரு சொல்லு வெளங்குச்சு. அது நம்ம சொல்லு. கூலி. நீ சிரிச்ச."

எனக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷமாக நினைவில்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது, நினைக்காமல் வைத்திருந்தேன். 'ஒரு கூலியின் மகன், பாருங்கள், எங்கே வந்துவிட்டான்' என்றார் சித்தப்பா. பாராட்டாகத்தான் சொன்னார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அப்பா எனக்கு மூன்றடி தூரத்தில் பட்டுக்கரை வேட்டியில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருசம் கப்பல்ல மூட்டை எறக்குனேன்," என்றார் அப்பா. "அதுக்குக் கூலி வாங்குனேன். வேலைக்குக் கெடைக்கிறதுதான கூலி? அது எப்படிப்பு என் பேரா ஆச்சு? இங்கயும் மூட்டையோடதான் கெடக்கேன். சனிக்கெழமையானா கூலி வாங்குறேன். ஆனா கூப்புடுறவுக கருப்பையாண்ணேன்டுதான் கூப்புடுறாக."

அந்தச் சொல்லுக்கு அகராதிக்காரர்கள் வேறு மூலமும் சொல்கிறார்கள். குஜராத் பக்கத்து ஒரு மக்களின் பெயர் என்பவர்களும் உண்டு. ஆங்கில ஆசிரியனான எனக்கு அது தெரியும். அந்தப் புளியமரத்தடியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் நோட்டில் அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"நான் சிரித்தது தப்புப்பா. மன்னிச்சிருங்க," என்றேன்.

"செத்த நேரம் சும்மா இரு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சியூ லான் எழுந்து வந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன், இதைவிடக் கஷ்டமானது இல்லை. அவளுடைய சித்தப்பா சொன்னதையும் நான் சிரித்ததையும் அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டாள். அப்பாவிடம் மலாயில் பேசினாள்.

"என் தாத்தா கப்பலின் அடித்தட்டில் வந்தார். தகரச் சுரங்கத்தில் மண் சுமந்தார். என் சித்தப்பா அவருடைய மகன். அதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்." பஸ்ஸருகே போனாள். "அந்தச் சொல் எங்கள் எழுத்திலும் இருக்கிறது. இரண்டு எழுத்து."

நின்றுபோன பஸ்ஸின் பக்கவாட்டில் புழுதி கனமாகப் படிந்திருந்தது. அதில் விரலால் எழுதினாள். "முதல் எழுத்துக்குக் கசப்பு என்று அர்த்தம். அடுத்தது பலம்."

அப்பா குனிந்து பார்த்தார். விவசாயியும் வந்து பார்த்தார். கண்டக்டரும் வந்து பார்த்தார்.

"கசப்பு எது?" என்றார் அப்பா. அவள் தொட்டுக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கசப்புக்குத்தான் கோடு ஜாஸ்தி."

பிறகு அவர் சிரித்தார். நான் அழுதேன். எதற்கென்று தெரியாமல் விவசாயி எனக்கும் ஒரு பிடி சர்க்கரை கொடுத்தார். "நீங்களும் பஜ்ஜி தின்னீங்களாக்கும்," என்றார்.

பழனிக்குப் போகவில்லை. அப்பா வந்த பஸ்ஸிலேயே மூன்று பேரும் திண்டுக்கல் திரும்பினோம். அவர் மடியில் பஞ்சாமிர்த டப்பா ஒன்று இருந்தது. ரெட்டியார்சத்திரம் வருவதற்குள் சியூ லானே அதில் பாதியைத் தீர்த்திருந்தாள்.

நான்காம் நாள் முழுக்க அத்தை வீட்டில் மலாய்தான். அடுப்படியிலிருந்து அத்தை எட்டி எட்டிப் பார்த்தார். "அண்ணே, இம்புட்டுப் பேச்சையும் இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?" சியூ லான் நோட்டை எடுத்துக் காட்டினாள். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு வழங்கினார். ஆங்கிலத்தோடு நிறுத்துவது அநியாயம் என்றார். மலாய்க்காரர்கள் கடையைக் 'கெடாய்' என்பதும், கப்பலைக் 'காப்பால்' என்பதும் யாரிடமிருந்து எடுத்தது? அதற்காக அவள் புதிதாக ஒரு பக்கம் கோடு போட வேண்டியதாயிற்று. பதிலுக்கு அவள், நீங்கள் தேயிலை என்று சொல்வதில் முதல் எழுத்து எங்கள் வீட்டுச் சொத்து என்றாள். அப்பா யோசித்துவிட்டு, "சரி, எல நம்மளுது," என்று விட்டுக்கொடுத்தார்.

கோடவுன் என்ற ஆங்கிலச் சொல்லில்தான் சண்டை வந்தது. மலாய் 'கூடாங்' என்பதிலிருந்து வந்தது என்றாள் அவள். கிடங்குதான் என்றார் அப்பா. "அதுக்குள்ள மூட்டை அடுக்குனவன் நான். எனக்குத் தெரியாதா?" இந்த ஆதாரத்துக்கு எதிராக எந்த அகராதியும் நிற்காது. என் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

சாயங்காலம் நான் பேச்சை எடுத்தேன். எங்களோடு வந்துவிடுங்கள் என்றேன். அனுமதிச் சீட்டின் கெடுவையும் சொன்னேன்.

"இல்லப்பு. நான் இங்கனயே இருந்துக்கிறேன். மனசுல ஒண்ணும் இல்ல. கிடங்குல எனக்குண்டு ஒரு எடம் இருக்கு. அடுத்த வருசம் பாப்போம்," என்றார்.

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதற்காகப் போனார் என்று தெரிந்த பிறகு, வா என்று வற்புறுத்தும் தைரியம் எனக்கு இல்லை. சியூ லான் கேட்டுப் பார்த்தாள். அவளிடமும் 'அடுத்த வருஷம்' என்றே மலாயில் சொன்னார். அவள் அவருடைய இரண்டு சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை, நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பலைப் பிடிக்க நாங்கள் புறப்பட்டபோது, அப்பா வீட்டில் இல்லை. விடிவதற்கு முன்பே கிடங்குக்குப் போய்விட்டார் என்றார் அத்தை. விடைபெறுவது அவருக்கு எப்போதும் பிடிக்காது. அதனால் நான் ஆச்சரியப்படவில்லை, வருத்தப்பட்டேன். ஜட்காவில் இந்த முறை சியூ லான் தானாகவே முன்னால் போய் உட்கார்ந்தாள். அத்தையும் கூட வந்தார். கட்டுச்சோறு, ஒரு சீப்பு சிறுமலைப் பழம், இன்னும் என்னென்னவோ கொண்டுவந்தார்.

ரயில் வந்து நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா பிளாட்பாரத்தில் வேகமாக நடந்து வந்தார். சலவை வேட்டி, கழுத்தில் துண்டு, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. எங்கள் பெட்டியில் ஏறி சியூ லானுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வடமதுரை வரைக்கும் வாரேன். பக்கந்தான். அங்க எறங்கி பஸ்ஸுல வந்துருவேன்," என்று டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே அத்தை கூடவே நடந்து வந்தார். பக்கத்து ஸ்டேஷன் வரை போய்விட்டு வருகிற அண்ணனுக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள். அப்பா கையை நீட்டி அவர் தலையைத் தொட்டார். மஞ்சள் பையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு வேட்டிகள் மடித்து இருந்தன. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

பாறை பின்னால் போனது. சோளக்காடும் பூந்தோட்டமும் கிணற்றுமேடுகளும் ஓடின. பினாங்கில் இப்போது முட்டை என்ன விலை என்று அவர் சியூ லானிடம் கேட்டார். எங்கள் தெருமுனைக் காப்பிக் கடைக்காரனுக்கு மகள் பிறந்ததா என்று கேட்டார். இரண்டு வருஷத்துச் செய்தியையும் அவள் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். வடமதுரையில் வண்டி நின்றது. ஒருவர் வாளியோடு ஏறினார், இருவர் கோழியோடு இறங்கினார்கள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. விசில் ஊதி வண்டி கிளம்பியது.

அய்யலூர் தாண்டிய பிறகு டிக்கெட் பரிசோதகர் வந்தார். இளைஞர். அப்பாவின் டிக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, வடமதுரை எப்பவோ போயிருச்சே?"

"அப்படியா?" என்றார் அப்பா. "பேச்சு சுவாரசியத்துல எறங்க மறந்துட்டேன் தம்பி. நாகப்பட்டினம் வரைக்கும் எழுதிக் குடுங்க."